பொலிகிடாவுக்கு ஒரு விதையில் அடியா? மற்றதையும் கவனியுங்கள்!

கிடாக்கள் முட்டிக்கொள்ளும்போதும், முள்கம்பி வேலியைத் தாண்டும்போதும், நாய் கடிக்கும்போதும் விதைப்பையில் அடிபடுவது உண்டு. ஒரு பக்கம் வீங்கினால், 'இன்னொரு விதை நன்றாகத்தானே இருக்கிறது' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு, சேர்ந்த ஆடுகள் சினை பிடிக்காமல் மறுபடி மறுபடி பருவத்துக்கு வரும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

ஒன்றில் அடி, மற்றதில் பாதிப்பு ஏன்?

வெள்ளாட்டின் உடல் வெப்பம் சுமார் 39 டிகிரி செல்சியஸ். நல்ல விந்தணு உருவாக, விதை அதைவிட 4 முதல் 5 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அதனால்தான் விதைப்பை வெளியே தொங்குகிறது. வெயிலில் தளர்ந்தும் குளிரில் சுருங்கியும் சூட்டைச் சீராக்குகிறது. அடிபட்ட விதை வீங்கிச் சூடேறினால், பக்கத்தில் உள்ள நல்ல விதைக்கும் அந்தச் சூடு ஏறுகிறது. புண் சீழ் பிடித்தால் கிருமியும் பரவலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. விந்தணு ரத்தத்தில் கலக்காமல் காக்கும் தடுப்பு விதைக்குள் இருக்கிறது. அடியில் அது உடைந்தால், உடல் தன் விந்தணுவையே அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்கலாம். நல்ல விதையின் விந்தணுவும் அதற்குத் தப்பாமல் போகலாம்.

ஆர்வத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

விந்தணு கெட்டாலும் கிடா வழக்கம்போல் ஆடுகளின் மேல் ஏறும். விந்தணு உருவாகி வெளிவரச் சுமார் 2 மாதம் ஆகும். எனவே, வீக்கம் வடிந்தாலும் உடனே சேர்க்கக் கூடாது. 2 மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, அதன்பின் சேர்ப்பதே நல்லது.

என்ன செய்யலாம்?

* கிடாவை உடனே தனியாகக் கட்டுங்கள்.
* முதல் நாளில் குளிர்ந்த நீர் ஊற்றலாம். சூடான ஒத்தடம், சூடான பத்து கூடாது.
* அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.
* ஒரு விதை மீள முடியாமல் கெட்டிருந்தால், மருத்துவர் அதை மட்டும் அகற்றுவது உண்டு. காலத்தில் செய்தால் மற்றது பிழைக்கும். ஒரு விதையுள்ள கிடாவும் சினைப்படுத்தும்.

அடியே படாமல் விதை வீங்கினால் புருசெல்லா நோயாகவும் இருக்கலாம். இது மனிதருக்கும் தொற்றும். ரத்தப் பரிசோதனை முடியும்வரை கிடாவை ஆடுகளோடு சேர்க்காதீர்கள். பாலை நன்றாகக் காய்ச்சியே குடியுங்கள்.

மாதம் ஒருமுறை இரண்டு விதைகளையும் தொட்டுப் பாருங்கள். அளவிலும் உறுதியிலும் இரண்டும் ஒத்திருக்க வேண்டும். பொலிகிடா பழுதானால், பட்டி முழுவதற்கும் ஒரு ஈற்று தள்ளிப்போகும்.