விலை அறிந்தால் வழி தெரியும்

சிறுதொழில் செய்பவருக்குப் பொருளை உற்பத்தி செய்வதிலும் பார்க்க, அதை எங்கே, என்ன விலைக்கு விற்பது என்பதே பெரும் கவலை. இதில் கையடக்கத் தொலைபேசி எவ்வாறு உதவும் என்பதற்குக் கேரளத்தின் வடகரையோரம் நல்ல உதாரணம்.

1997 ஜனவரி 14ஆம் திகதி காலை, வடகரையில் 11 மீனவர்கள் வாங்குவாரின்றித் தம் சாளை மீனைக் கொட்டிவிடும் நிலையில் நின்றனர். அதேவேளை 15 கிலோமீற்றருக்குள் இருந்த வேறு சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்ப இருந்தனர். ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியவில்லை.

1997க்கும் 2001க்கும் இடையில் அப்பகுதிக்குக் கையடக்கத் தொலைபேசி வந்தது. கோபுர அலை கடலுக்குள்ளும் எட்டியதால், மீனவர் படகிலிருந்தே விலை விசாரித்து, எந்தக் கரைக்குப் போவது என்று தீர்மானித்தனர். பொருளியலாளர் றொபேட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது; மீனவரின் இலாபம் 8 வீதம் உயர்ந்தது; மீன் விலையோ 4 வீதம் குறைந்தது. விற்றவரும் வாங்கியவரும் பயனடைந்தனர்.

ஆனால் முற்பணம் பெற்றதற்காக முழு மீனையும் ஒரே முதலாளிக்குக் கொடுக்கக் கட்டுப்பட்டவருக்கு, அடுத்த சந்தையின் விலை தெரிந்தும் பயனில்லை. மரக்கறி, பால், பனையோலைப் பொருட்கள் விற்பவருக்கும் இது பொருந்தும்.

ஆகவே எமது கிராமச் சங்கங்கள் இரண்டு பணிகளைச் சேர்த்தே செய்ய வேண்டும். ஒன்று, நாள்தோறும் சந்தை விலைகளை விசாரித்து அங்கத்தவருக்குத் தொலைபேசியில் அறிவித்தல். மற்றது, சிறுகடன் வழங்கி அவர்களை முற்பணக் கட்டிலிருந்து மீட்டல். விலையை அறிந்தவருக்கு, விரும்பிய இடத்தில் விற்கும் உரிமையும் வேண்டும்.