தேர்வு நடத்தப் பிறந்த பல்கலைக்கழகம்

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டுப் பிள்ளைகளுக்கு இன்று உயர்படிப்பு கூப்பிடு தூரத்துக்கே வந்துவிட்டது. 2015-இல் தொடங்கிய பாலக்காடு ஐஐடி பக்கத்திலேயே இருக்கிறது. அவர்களுடைய தாத்தாக்கள் காலத்தில் பட்டம் என்றால் மெட்ராஸ் பட்டம்தான். 1956-இல் கேரளம் உருவாகும்வரை வாளையாறு மாநில எல்லை அல்ல; பாலக்காடு, மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதி. 1866-இல் பள்ளியாகத் தொடங்கிய பாலக்காட்டு விக்டோரியா கல்லூரி 1888-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர் அங்கே வேதியியல் படித்து 1953-இல் பட்டம் பெற்றார். இன்னோர் எழுத்தாளரான ஓ.வி. விஜயன் அங்கே படித்துவிட்டு, ஆங்கில எம்.ஏ. படிக்கச் சென்னை மாநிலக் கல்லூரிக்கு ரயிலேறினார். ஆகவே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதை பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் சொந்தக் கதைதான்.

அது பிறந்த நாள் 1857 செப்டம்பர் 5. வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த அதே ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் லண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சில் பல்கலைக்கழகங்கள் அமைந்தன. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. தேர்வு வைப்பதும் பட்டம் தருவதுமே பல்கலைக்கழகத்தின் வேலை. முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர்: சி.வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்தார். தாமோதரம் பிள்ளை பின்னாளில் ஏட்டுச்சுவடிகளிலிருந்து தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். மெரினாவில் ராபர்ட் சிஷோம் எழுப்பிய செனட் மண்டபம் 1879-இல் முடிந்தது. அந்த மண்டபம் எழுந்தபோதும் பல்கலைக்கழகத்துக்கென்று ஓர் ஆய்வுத்துறை கிடையாது.

அப்படிப்பட்ட இடத்தில் ஆராய்ச்சி எப்படி முளைத்தது? விதிகளுக்குள் அடங்காத ஒருவர் வந்து நின்றதால்தான் என்பேன். சீனிவாச ராமானுஜன், பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் இரண்டு முறை தோற்றவர். கணக்கைத் தவிர வேறெதிலும் அவர் மனம் செல்லவில்லை. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்தார். ஆய்வு உதவித்தொகை எம்.ஏ. முடித்தவர்களுக்கே என்றது விதி, இவரிடமோ பி.ஏ.கூட இல்லை. ஆனால் அவர் அனுப்பிய கடிதத்தைப் படித்துக் கேம்பிரிட்ஜில் கணிதவியலாளர் ஹார்டி வியந்தார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் ராமானுஜனின் ஏடுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்து எழுதினார். 1913 மே 1 முதல் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கப் பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. தன் தேர்வில் தோற்றவரையே பல்கலைக்கழகம் தன் முதல் ஆய்வு மாணவராக ஏற்றது. அதன் நீண்ட வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இது.

அடுத்த பெரிய முடிவு 1952-இல். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தவர் ஆ. லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவரான அவர், இயற்பியல் துறையை நிறுவ ஆள் தேடி சி.வி. ராமனிடம் கேட்டார். ராமன் சுட்டிக்காட்டியது தம் மாணவர், எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என். ராமச்சந்திரனை. முப்பது வயதுகூட நிரம்பாதவரைப் பேராசிரியராக அமர்த்தினார் முதலியார்.

என்ன ஆராயலாம் என்று ராமச்சந்திரன் யோசித்துக்கொண்டிருந்தபோது, சென்னை வந்த பிரிட்டிஷ் அறிவியலர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்றார். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் வலுவூட்டும் புரதம் அது. செருப்பாகும் தோலும் பெரும்பாலும் கொலாஜனே. தோல் தொழிலுக்குப் பேர்போன சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருந்தது. மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன.

எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு ராமச்சந்திரனும், சேர்த்தலையைச் சேர்ந்த கோபிநாத் கர்த்தாவும் விடை தேடினார்கள். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். மிகச் சிறியது, பக்கக் கிளையாக ஒரு ஹைட்ரஜன் அணு மட்டுமே உடையது. ஏன் சரியாக மூன்றில் ஒன்று? மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடம் உட்புறம் திரும்புகிறது. அந்த நெருக்கத்தில் கிளைசினைத் தவிர வேறெதுவும் கொள்ளாது. இந்த மூவிழை முறுக்கு 1954-இலும் 1955-இலும் நேச்சர் இதழில் வெளிவந்தது. கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் மரபுப் பிழையால் பெரிய அமினோ அமிலம் ஒன்று அமர்ந்துவிட்டால், குழந்தையின் எலும்புகள் சிறு அடியிலும் முறியும் நோய் வருகிறது. அந்த ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு அவ்வளவு மதிப்பு.

உடனே எதிர்ப்பும் கிளம்பியது. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், இந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்றார்கள். அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமச்சந்திரன் அதையே அடுத்த ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். அதுவரை வெளியான படிக அமைப்புகளைச் சலித்து, எந்த அணு எந்த அணுவை எவ்வளவு தூரம் வரை நெருங்கும் என்று பட்டியலிட்டார்.

பிறகு நடந்ததுதான் அழகு. புரத இழையை, மூலையோடு மூலை தைத்த சீட்டுகளின் வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுகள் தட்டையானவை, வளையாதவை. தைத்த மூலையில் ஒரு கார்பன் அணு. அங்கே இரு பக்கத்துச் சீட்டுகளும் தனித்தனியே சுழலலாம். ஆக, ஒரு மூட்டுக்கு இரண்டே கோணங்கள்: ஃபை, சை. ஒன்றைக் கிடையாகவும் மற்றதை நெடுக்காகவும் வைத்து ஒரு சதுரம் வரைந்தால் எல்லா வளைவுகளும் அதற்குள் அடக்கம். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் அந்தச் சதுரத்தில் அணுக்கள் மோதிக்கொள்ளும் இடங்களையெல்லாம் கணக்கிட்டு விலக்கினார்கள். ஏறக்குறைய முக்கால் பங்கு விலக்கப்பட்டது. மிஞ்சியது சில தீவுகள். புரதங்களில் அறியப்பட்ட சுருளும் மடிப்புத் தாளும் அந்தத் தீவுகளில்தான் விழுந்தன. 1963-இல் வெளியான இந்த ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் உலகெங்கும் புதிய புரத அமைப்புகளைச் சரிபார்க்கிறார்கள். விலக்கிய பகுதியில் புள்ளிகள் நிறைய விழுந்தால் அமைப்பில் எங்கோ பிழை என்று பொருள். இவ்வளவு செய்தவருக்கு நோபல் கிடைக்காதது எனக்கு ஆறாத மனக்குறை.

1970-களின் தொடக்கத்தில் ராமச்சந்திரன் பெங்களூருக்குப் போய்விட்டார். அதே காலத்தில் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு, எழுபதைக் கடந்த ஒரு தலச்சேரிப் பெண்மணி வந்து சேர்ந்தார். ஜானகி அம்மாள், 1921-இல் மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்தவர். அமெரிக்காவின் மிச்சிகனில் ஆய்வுப் பட்டம் பெற்று, கஞ்சிக்கோட்டுக்கு அருகிலுள்ள கோயம்புத்தூரில் கரும்பைப் பிற புற்களோடு கலந்து குரோமோசோம்களை எண்ணியவர். மதுரவாயலில் இருந்த கள ஆய்வுக்கூடத்தில் கடைசிவரை வேலை செய்தார்.

பாலக்காடு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழையின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. காடு முழுகுமுன் அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களை ஆராயும் பணியில் இறங்கினார். ஒரு செடியின் குரோமோசோம் தொகுதி இரட்டித்தோ மும்மடங்காகியோ புதிய இனம் கிளைப்பதுண்டு; எண்ணிப் பார்த்தால் அந்தக் காட்டில் எது எதற்கு உறவு, எது புதிதாகப் பிரிந்தது என்பது தெரியும். அதை எண்ணாமல் மூழ்கடிப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. அணைத் திட்டம் 1983-இல் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.