மோதிரமா, மாலையா, தாலியா... எது இருந்தால் கல்யாணம் செல்லும்?

முகூர்த்த நாளில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதிப் பக்கம் போனால் கெட்டிமேளச் சத்தம் கேட்காமல் திரும்ப முடியாது. மணமகன் மணமகளின் கையைப் பிடித்து, அக்னி சாட்சியாக ஏழு அடி எடுத்து வைப்பதுதான் சப்தபதி. சப்தபதி உள்ள சடங்குகளில் ஏழாவது அடியோடு திருமணம் முழுமையாகிவிடுகிறது என்கிறது 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7-வது பிரிவு.

அதே முகூர்த்தத்தில், காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் திருச்சியில் ஒரு ஜோடி மாலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். புரோகிதர் இல்லை, அக்னி இல்லை. அதுவும் சட்டப்படி கல்யாணம்தான். ஆனால் 1968 வரை அப்படி இல்லை!

திருச்சியில் நடந்த கல்யாணம்

1928-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் ஒரு சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதன் பிறகு ஊர் ஊராக இந்த முறை பரவியது. அப்படி 1934-ல் திருச்சியில் ஒரு திருமணம். மணமகன் நாட்டுக்கோட்டைச் செட்டியார். மணமகள் வேறு சாதி, கணவரை இழந்தவர்.

ஊர் பார்க்க நடந்த கல்யாணம்தான். ஆனால், பின்னாளில் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. 'தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார்' என்ற அந்த வழக்கில், 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாஸ்திரச் சடங்கும் இல்லை, நெடுநாள் வழக்கமும் இல்லை, எனவே இந்தத் திருமணம் செல்லாது!

அந்த ஒரு வரி எத்தனை வீடுகளை உலுக்கியிருக்கும்? இருபத்தைந்து ஆண்டுகளில் இப்படி மணந்த எல்லோருக்கும் அதே கேள்வி. மனைவி சட்டப்படி மனைவியா? பிள்ளைகளுக்குச் சொத்தில் பங்கு உண்டா? கொள்கைக்காக மணந்தவர்களில் அதிகம் பயந்திருக்க வேண்டியவர்கள் பெண்கள்தான்.

'அல்லது' என்ற ஒரு சொல்

1967 தேர்தலில் வென்றதும் அண்ணா, பெரியாரைப் பார்க்கத் திருச்சிக்குத்தான் வந்தார். அந்த ஆண்டு இறுதியிலேயே சுயமரியாதைத் திருமணச் சட்ட மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1968 ஜனவரியில் அமலுக்கும் வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் '7-ஏ' என்ற புதிய பிரிவு சேர்ந்தது.

உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், 'இவரை ஏற்கிறேன்' என்று இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். மூன்றில் ஒன்று போதும். மசோதாவின் வரைவில் 'மற்றும்' என்றிருந்ததை 'அல்லது' என்று மாற்றச் சொன்னவர் பெரியார் என்று திராவிடர் கழகத்தினர் சொல்வதுண்டு. பழைய சுயமரியாதைத் திருமணங்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்றது சட்டம். அந்தக் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய நிம்மதி.

யூதர்களிடமும் மூன்று 'அல்லது'!

சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவும் திருமணத்துக்கு மூன்று வழிகளைச் சொல்கிறது. மணமகன் மதிப்புள்ள ஒரு பொருளைத் தருவது, எழுத்துப் பத்திரம் தருவது, தாம்பத்யம். இதிலும் ஒன்று போதும். (மூன்றாவது வழியைப் பிற்கால ரபிகள் கண்டித்து ஒதுக்கிவிட்டார்கள்.) அந்தப் 'பொருள்'தான் இன்று மோதிரம். அது மணமகனின் சொந்தப் பொருளாக இருக்க வேண்டும். இரவல் செல்லாது.

ரபி வந்தே ஆக வேண்டும் என்பதுகூட இல்லை. ஆனால் தகுதியான இரண்டு சாட்சிகள் இல்லையென்றால், மணமக்களே 'ஆமாம்' என்றாலும் அது திருமணம் ஆகாது. நம்மூரில் தாய்மாமனே முதல் சாட்சி. அங்கே நெருங்கிய சொந்தக்காரர் சாட்சியாகவே முடியாது! மனைவிக்குக் கணவன் தர வேண்டியதை எழுதிவைக்கும் 'கெத்துபா' பத்திரமும் உண்டு.

கொச்சி, மும்பை யூதர்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. தனிச் சட்டமும் கிடையாது. மத வழக்கப்படி மணக்கலாம், அல்லது 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போகலாம்.

தப்பிக்கப் பார்த்த கணவர்

7-ஏ பிரிவு ஒரு முதல் மனைவிக்கும் கைகொடுத்திருக்கிறது. மனைவி இருக்கும்போதே திருத்தணியில் இன்னொரு கல்யாணம் செய்த ஒருவர், 'சப்தபதி நடக்கவில்லை, அதனால் இரண்டாவது கல்யாணமே செல்லாது, நான் குற்றவாளி இல்லை' என்று வாதாடினார். தமிழ்நாட்டில் 7-ஏ போதும் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்தியது. இந்தத் திருமணத்துக்குப் பகிரங்க அறிவிப்பு தேவையில்லை என்று 2023-லும் அதே நீதிமன்றம் சொன்னது.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். விசாவுக்காக முதலில் 'ரிஜிஸ்டர்' மட்டும் செய்துவிட்டு, சடங்கைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். இந்து திருமணச் சட்டப்படி, சடங்கு நடக்காமல் வாங்கிய சான்றிதழால் திருமணம் ஆகிவிடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மாலை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் அது நடக்க வேண்டும்.

7-ஏ பிரிவுக்கு இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும். ஒருவர் வேறு மதம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம்தான். அதில் 30 நாள் நோட்டீஸ், மூன்று சாட்சிகள். எந்த முறையில் மணந்தாலும் தமிழ்நாட்டில் 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். விட்டால், கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. பத்திரிகை, போட்டோக்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.