கடற்பஞ்சு தந்த மருந்து

குளியலறைக்கென்று இங்குள்ள கடைகளில் நாம் வாங்கும் மஞ்சட் பஞ்சு பெரும்பாலும் பிளாஸ்ரிக்கினால் ஆனது. அதற்கு முன்மாதிரியாக அமைந்தது கடலடியில் வாழும் ஒரு விலங்கின் நார்ச் சட்டகம் என்பதை எம்மிற் பலர் அறியார். ஊரில் உயர்தர வகுப்பில் விலங்கியல் கற்றோர் 'துளையுடலிகள்' என்ற பெயரை நினைவுகூரக்கூடும். பரீட்சைக்காகப் பாடமாக்கி, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிட்ட அதிகாரம் அது.

கடற்பஞ்சு விலங்குதானா என்ற ஐயம் அறிஞர்களிடையே நெடுங்காலம் நிலவியது. அது இடம்விட்டு நகர்வதில்லை. வாயும் இல்லை, இரைப்பையும் இல்லை, நரம்பும் இல்லை. 1825ஆம் ஆண்டளவில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் றொபேட் கிரான்ற் என்பவர் உயிருள்ள கடற்பஞ்சுத் துண்டொன்றைக் கடல்நீரிலிட்டு நுணுக்குக்காட்டியினூடாக நோக்கினார். அதன் பெருந்துளையிலிருந்து நீர் இடையறாது பீறிட்டு வெளிவருவதைக் கண்டார். (அக்காலத்தில் எடின்பரோவில் மாணவராக இருந்து, அவரோடு கடற்கரையில் உயிரினங்களைத் தேடித் திரிந்தவர்களுள் ஒருவர் சாள்ஸ் டார்வின்.)

அந்நீரோட்டத்தை உண்டாக்குபவை உள்ளறைகளில் வரிசையாக அமைந்த நுண்ணிய கலங்களே. ஒவ்வொன்றிலும் சாட்டை போன்ற இழை ஒன்றுண்டு. எண்ணிறந்த சாட்டைகள் ஓயாது அசைவதால் சிறு துளைகளினூடே நீர் உள்ளிழுக்கப்பட்டு, அதிலுள்ள பற்றீரியாக்கள் உணவாக வடித்தெடுக்கப்படுகின்றன. தன் கனவளவைப் போற் பல்லாயிரம் மடங்கு நீரை ஒரே நாளில் வடிக்கும் கடற்பஞ்சுகள் உள்ளன.

1907ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் எச்.வி. வில்சன் செய்த பரிசோதனை கதை போலவே இருக்கும். உயிருள்ள சிவப்புக் கடற்பஞ்சொன்றை மெல்லிய பட்டுத்துணியில் வைத்து அவர் பிழிந்தார். கலங்கள் தனித்தனியாகச் சிதறி நீரில் விழுந்தன. வேறெந்த விலங்காயினும் அத்தோடு கதை முடிந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். இக்கலங்களோ அடித்தளத்தில் ஊர்ந்து, ஒன்றையொன்று பற்றி, மீண்டும் முழுக் கடற்பஞ்சாயின. பின்வந்தோர் வெவ்வேறு நிறமுடைய இரு இனங்களின் கலங்களைக் கலந்துவிட்டபோது, அவை தத்தம் இனத்தையே நாடிச் சேர்ந்தன.

ஓடவும் ஒளிக்கவும் இயலாத இவ்விலங்குக்கு நஞ்சே காவல். அந்த நஞ்சிற் பெரும்பகுதியை அதன் உடலிற் குடியிருக்கும் பற்றீரியாக்களே ஆக்கிக்கொடுக்கின்றன. மருத்துவ உலகின் கண்ணை இதன்பால் திருப்பியவர் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேர்ணர் பேர்க்மன். புளோரிடாக் கரையோரத்துக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து அவர் 1950களின் தொடக்கத்திற் பிரித்தெடுத்த பொருள்கள், மரபுப்பொருளான டீ.என்.ஏ.யைக் கட்டும் கற்களை ஒத்திருந்தன. ஆயினும் அவற்றிலிருந்த வெல்லம் வேறானது. அதே அமைப்பைப் பின்பற்றி ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்டதே சைற்றராபின். வேகமாகப் பெருகும் புற்றுநோய்க் கலம் இப்போலிக் கல்லை உண்மைக் கல்லென்று எண்ணிச் செருகிக்கொள்கிறது; கட்டடம் அவ்விடத்தில் நின்றுவிடக் கலம் மடிகிறது. உடலில் இயல்பாகவே விரைந்து பெருகும் நற்கலங்களும் இதில் அடிபடுவதால் நோயாளர் படும் துன்பம் சிறிதன்று. எனினும், 1969இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட இம்மருந்து கடுமையான இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் முதன்மையானது.

யப்பானியக் கடற்பஞ்சு ஒன்றின் கதை வேறு விதமானது. அதிலிருந்து கலிக்கொன்றின் என்னும் பொருளை 1980களிற் பிரித்தெடுத்தவர்களுக்கு 600 கிலோக் கடற்பஞ்சிலிருந்து கிடைத்தது 12.5 மில்லிகிராம் மட்டுமே. உப்புக்கல் ஒன்றிரண்டின் எடைகூட அதற்கு இராது என்றாலும் மிகையாகாது. கடலை நம்பியே மருந்து செய்ய முற்பட்டிருந்தால் நோயாளருக்குக் கிடைக்குமுன் அந்த இனமே அழிந்திருக்கும். அதன் சிக்கலான கட்டமைப்பை இரசாயனவியலாளர் 1992இல் ஆய்வுகூடத்திலேயே முழுமையாக ஆக்கிக்காட்டினர். அதில் இன்றியமையாத பாதியை மட்டும் கொண்டு உருவான எரிபுலின், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கான மருந்தாக 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைத் தயாரிக்க ஒரு கடற்பஞ்சுகூடக் கடலிலிருந்து எடுக்கப்படுவதில்லை.