எந்தப் பாடத்திற்குப் பின் எந்தப் பாடம்?
கணனிப் பட்டம் பயில விரும்பும் எமது இளைஞர்களுக்கு

எமது வீடுகளில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போகப் போகின்றது என்றால் உடனே எழும் கேள்விகள் இரண்டு. என்ன படிப்பு? எத்தனை வருடம்? முதற் கேள்விக்கு இப்பொழுது பெரும்பாலும் ஒரே பதில்தான். டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் என்ற எமது பழைய மும்மூர்த்திகளோடு நாலாவதாகக் கணனியும் வந்து அமர்ந்துவிட்டது. இரண்டாவது கேள்விதான் புலம்பெயர்ந்த மண்ணில் பிள்ளைகளை இடறச் செய்கின்றது.

தாயகத்தில் பீடமே பாடத்திட்டத்தை வகுத்தது. முதலாம் வருடத்தில் எதனைப் படிப்பது, இரண்டாம் வருடத்தில் எதனைப் படிப்பது என்பது அறிவித்தற் பலகையில் தொங்கும். மாணவன் செய்யவேண்டியது அதனைப் பார்த்து எழுதிக்கொண்டு விரிவுரை மண்டபத்திற்குப் போவது மாத்திரமே. மேற்குலகப் பல்கலைக்கழகங்களிலோ தெரிவின் பெரும்பகுதி மாணவனின் தலையில் சுமத்தப்படுகின்றது. வேலையும் குடும்பமும் வழக்குமாக அலையும் ஒருவர் தமது ஆறு வருடங்களையும் தாமே அடுக்கிக்கொள்ள வேண்டும். பிழையாக அடுக்கினால் இடித்துரைக்க எவரும் இல்லை; ஒரு வருடம் போனபின்னரே தெரியவரும்.

இதற்கு உதாரணமாகப் பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்கின்றேன். 1969ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்று 1971இல் முதல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிய நிறுவனம் அது. ஹரல்ட் வில்சன் பிரதமராகவிருந்த காலத்தில் ஜெனி லீ அம்மையார் விடாப்பிடியாக நின்று உருவாக்கியது. இளமாணிப் பட்டத்தில் சேர்வதற்குப் பொதுவாக எந்தப் பரீட்சைப் பெறுபேறும் கேட்கப்படுவதில்லை. ஷெல் வீச்சுக்கும் இடப்பெயர்வுக்கும் இடையில் க.பொ.த. உயர்தரத்தைத் தவறவிட்ட எமது பிள்ளைகளுக்கு இது சிறிய விடயமன்று.

அங்கு படிப்பு வருடக்கணக்கில் அன்று, கிரெடிற் கணக்கில் அளக்கப்படுகின்றது. ஒரு கிரெடிற் என்பது ஏறத்தாழ 10 மணித்தியாலப் படிப்பு. கௌரவப் பட்டத்திற்கு 360 கிரெடிற்றுகள், மூன்று நிலைகளில் நிலைக்கு 120 ஆக வேண்டும். அதாவது 3,600 மணித்தியாலங்கள். வருடத்திற்கு 60 எடுத்தால் ஆறு வருடங்கள். கிழமைக்கு 16 முதல் 18 மணித்தியாலங்களை அதற்கென ஒதுக்க வேண்டும். 120 எடுத்தால் மூன்றே வருடங்கள்தான். ஆனால் கிழமைக்கு 32 முதல் 36 மணித்தியாலங்கள், இன்னொரு முழுநேர வேலைக்குச் சமம்.

அண்மையில் வன்னியைச் சேர்ந்த ஓர் இளைஞர் தமது பாடப் பட்டியலைக் காட்ட வந்திருந்தார். இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை. மாதாந்தம் ஊருக்குப் பணம் அனுப்புகின்றவர். மூன்று வருடத்தில் முடித்துவிட வேண்டும் என்பது தாயாரின் விருப்பம் என்றார். ஒரு தாளில் கிழமையின் 168 மணித்தியாலங்களையும் எழுதி, வேலை, பயணம், உறக்கம், சமையல் எனக் கழித்துக்கொண்டு வந்தோம். கடைசியில் எஞ்சியது 20. "இதை அம்மாவிற்கு எப்படிச் சொல்வது, சேர்?" என்று கேட்டார். அந்தத் தாளையே படம்பிடித்து அனுப்பும்படி சொன்னேன்.

இனி அடுக்கும் முறை. கணனியும் தகவல் தொழினுட்பமும் என்ற பட்டத்தின் முதலாம் நிலையில் இரண்டு அறிமுகப் பாடங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 30 கிரெடிற். ஒன்றை முடித்து மற்றொன்றிற்குச் செல்வதே முறை. அடுத்த 30 கணிதத்திற்கு உரியது. இங்கேதான் ஒரு முக்கியமான தெரிவு வருகின்றது. எளிய கணிதப் பாடம் ஒன்று, நுண்கணிதம், காவி, தாயம் முதலியவற்றை உள்ளடக்கிய கடினமான பாடம் இன்னொன்று. பெரும்பாலானோர் எளியதை நாடுவர். பள்ளிக் கணிதத்தையே மறந்துபோனவர்களுக்கு அது பொருத்தமானதே. ஆயினும் ஊரில் உயர்தரத்தில் கணிதம் கற்றவர்கள் கடினமானதையே எடுக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பட்டத்தின் தரம் இரண்டாம், மூன்றாம் நிலைப் பெறுபேறுகளைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. மூன்றாம் நிலைக்கு இரட்டிப்பு நிறை. முதலாம் நிலையில் சித்தியடைந்தாலே போதும். ஆகவே துணிந்து கடினமானதைத் தொடுவதற்கு உகந்த இடம் அதுவே.

கணனி வேலைக்குக் கணிதம் எதற்கு என்று கேட்பவர்கள் உளர். ஒரு சிறு கணக்கு. பத்து இலட்சம் பெயர்கள் அகரவரிசையில் உள்ள பட்டியலில் ஒரு பெயரைத் தேடவேண்டும். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால், மோசமான நிலையில், பத்து இலட்சம் தடவை ஒப்பிட வேண்டும். நடுவில் திறந்து, தேடும் பெயர் எந்தப் பாதியில் உள்ளதெனக் கண்டு, மறு பாதியைத் தள்ளிவிட்டு, மீண்டும் நடுவில் திறந்தால் 20 தடவைகளில் முடிந்துவிடும். ஏனெனில் இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576. பள்ளிக்கூடத்தில் மடக்கை அட்டவணையைப் புரட்டி வெறுத்த அதே மடக்கைதான் இங்கு வந்து நிற்கின்றது. கணனி விஞ்ஞானத்தின் முதுகெலும்பான நெறிமுறைகளும் தரவுக் கட்டமைப்புகளும் என்ற பாடம் இத்தகைய கணக்குகளால் ஆனது.

அந்தப் பாடம் இரண்டாம் நிலையில் வருகின்றது. பைதன் மொழியிற் கற்பிக்கப்படுகின்றது. அதே நிலையில் ஜாவா மொழியிலான செய்நிரலாக்கப் பாடமும் உண்டு. செய்நிரல் எழுதிக் கை பழகாமல் நெறிமுறைப் பாடத்திற்குள் இறங்குவது நீந்தத் தெரியாமற் கேணியில் குதிப்பதற்கு ஒப்பானது. மறுபுறம், பயந்து அதனைப் பின்னுக்குத் தள்ளுவோரும் சிக்கிக்கொள்வர். பல பாடங்கள் வருடத்திற்கு ஒருமுறை, ஒக்டோபரில் மாத்திரமே ஆரம்பிக்கப்படுகின்றன. ஒக்டோபரைத் தவறவிட்டால் அடுத்த ஒக்டோபர்தான். அதனைச் சார்ந்த மேற்பாடங்களும் ஒரு வருடம் பின்தள்ளப்படும்.

ஆகவே பட்டியலைக் கீழிருந்து மேலாகவன்றி மேலிருந்து கீழாக எழுதவேண்டும். பட்டத்தின் இறுதியில் 30 கிரெடிற்றுக்கு ஓர் ஆய்வுத்திட்டம் செய்யவேண்டும். அது 300 மணித்தியாலத் தனி உழைப்பு. அத்திட்டம் மாணவர் மூன்றாம் நிலையிற் கற்ற பாடம் ஒன்றைத் தழுவியதாக இருக்கவேண்டும். தரவு முகாமைத்துவமா, மென்பொருட் பொறியியலா, இயந்திரக் கற்றலா, எதில் ஆய்வு செய்யப்போகின்றீர்கள் என்பதை ஓரளவு முன்கூட்டியே முடிவு செய்தால் மூன்றாம் நிலைப் பாடங்கள் தாமாகவே தெரிவாகிவிடும். அவற்றிற்கு வேண்டிய இரண்டாம் நிலைப் பாடங்களும், அவற்றிற்கு வேண்டிய கணிதமும் அப்படியே. இயந்திரக் கற்றலில் நாட்டமுள்ளவர் எளிய கணிதத்தோடு நின்றுவிட்டால் பின்னர் அவதிப்படுவார்.

பணத்தைப் பற்றியும் பேசவேண்டும். அகதி அந்தஸ்து வழங்கப்பட்டவர்கள் அரசின் கட்டணக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். தீர்ப்பை எதிர்பார்த்திருப்போருக்கு அது பொதுவாகக் கிடைப்பதில்லை. அவர்களுக்கென்று பல பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் சரணாலயப் புலமைப்பரிசில் என்ற பெயரில் இடங்களை ஒதுக்குகின்றன. இடங்கள் சில, கேட்போர் பலர். குடிவரவுப் பிணைப் பத்திரத்தில் படிக்கக்கூடாதென்ற நிபந்தனை உள்ளதா என்பதை எதற்கும் முன்னர் வழக்கறிஞரிடம் காட்டித் தெளிய வேண்டும். இங்கிலாந்தில் தொலைக்கல்வி மாணவர்களுக்கு, வலுக்குறைவு காரணமாக நேரிற் சென்று படிக்க இயலாதவர்கள் தவிர்ந்த ஏனையோருக்கு, வாழ்க்கைச் செலவுக் கடன் வழங்கப்படுவதில்லை. வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாம் என எண்ணுவோர் இதனை முதலில் மனதிற் கொள்ளவேண்டும். ஊரில் ஏற்கனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு இரண்டாம் பட்டத்திற்கான கடன் பொதுவாக மறுக்கப்படும். எனினும் பகுதிநேரக் கணனிப் படிப்பிற்கு 2015ஆம் ஆண்டிலிருந்து அங்கு விலக்களிக்கப்பட்டது. இவ்விதிகள் அடிக்கடி மாறுபவை. ஸ்கொட்லாந்தின் விதி வேறு. விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

காத்திருக்கும் காலத்தை வீணாக்கவேண்டியதில்லை. இதே பல்கலைக்கழகம் 2006ஆம் ஆண்டு முதல் ஓப்பின்லேர்ன் என்ற பெயரில் இலவசப் பாடங்களை இணையத்தில் வழங்கிவருகின்றது. பைதன் மொழியில் தரவுகளை ஆராயும் பாடமும் அவற்றுள் உண்டு. ஆறு கிழமைகள் அதனோடு மல்லுக்கட்டிப் பார்த்தால் செய்நிரல் எழுதுவது தமக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். எல்லோருக்கும் ஒத்துவராது; அதில் வெட்கமில்லை.

இன்னொன்று. யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ மட்டக்களப்பிலோ பட்டப்படிப்பை இடைநடுவில் விட்டு வந்தவர்கள் எம்மிடையே அநேகர். அங்கு சித்தியடைந்த பாடங்களை இங்கு கிரெடிற்றாக மாற்றித் தரும்படி கேட்க வழியுண்டு. முழுவதும் ஏற்கப்படும் என்று நம்பியிருக்க முடியாது. பழைய பாடங்களைக் காலம் கடந்தவை எனத் தள்ளிவிடவும் கூடும். கேட்பதற்கு மூல ஆவணங்கள் தேவை. பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரத்தை ஊரிலுள்ள உறவினர் மூலம் பதிவாளர் அலுவலகத்திலிருந்து பெறுவதற்கே மாதங்கள் செல்லும். ஒக்டோபரில் ஆரம்பிக்க எண்ணுவோர் அந்தக் கடிதத்தைத் தைப்பொங்கலோடு அனுப்பிவிடுவது நல்லது.