எண்ணிக்கையை விட்டுச் சென்றவரும் ஏட்டை விட்டுச் சென்றவரும்

பதுளை நகரின் நடுவே இருக்கும் புனித மாற்கு ஆலயத்தை ஊவாவில் தெரியாதவர் குறைவு. 1857இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட அந்தக் கோயில் ஒரு வேட்டைக்காரரின் நினைவாகக் கட்டப்பட்டது என்பதை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு. உள்ளே இருக்கும் நினைவுக் கல் அவரைப் பற்றிச் சொல்கிறது. மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ், இலங்கை ரைபிள் படைப்பிரிவைச் சேர்ந்தவர், பதுளையின் உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி. 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 41. நண்பர்களும் அபிமானிகளும் எல்லாத் தரத்தாரும் சேர்ந்து பணம் போட்டு எழுப்பிய ஆலயம் அது.

அவர் சுட்டுக் கொன்ற யானைகளின் தொகை ஏறத்தாழ 1,400. நான் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் சொன்னால் வகுப்பே அமைதியாகிவிடும். பிறகு ஒருவர் கை உயர்த்திக் கேட்பார்: “சேர், இப்ப நம்ம மலையில யானையே இல்லையே, அதெல்லாம் இங்கதான் இருந்ததா?” இங்கேதான் இருந்தன. கோப்பித் தோட்டங்களுக்காகக் காடு வெட்டப்படும் வரை இந்த மலைச்சாரல் முழுவதும் யானை நடந்த நிலம்.

ரோஜர்ஸைத் தனியொருவராகக் குற்றக்கூண்டில் ஏற்றுவது சரியாகாது. யானையைக் கொன்றால் அரசாங்கமே தலைக்கு இத்தனை என்று பணம் கொடுத்த காலம் அது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் இப்படிக் கொல்லப்பட்டதாக, அந்நாளைய குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். கேப்டன் கால்வே, மேஜர் ஸ்கின்னர் போன்றோரின் கணக்கும் பல நூறு. ரோஜர்ஸ் ஊவாவில் வீதிகள் திறந்தார், வழக்குத் தீர்த்தார், மக்கள் அவரை விரும்பினார்கள். அதனால்தான் கோயில் எழும்பியது. ஆனால் 1,400 யானைகளை அத்தனை நெருக்கத்தில் பார்த்த மனிதர், யானை எப்படி வாழ்கிறது என்று நமக்கு ஒரு நூலும் எழுதித் தரவில்லை. கூட்டம் எந்த மாதத்தில் எந்தக் கணவாயைக் கடந்தது, குட்டி எப்போது ஈன்றது, எந்த ஆற்றில் தண்ணீர் குடித்தது என்ற செய்திகளெல்லாம் அவரோடு போயின. மிஞ்சியது எண்ணிக்கை மட்டுமே.

ரோஜர்ஸ் இறந்து 47 ஆண்டுகளுக்குப் பிறகு, 1892இல் பிறந்தார் இன்னொருவர். அவரும் துப்பாக்கி பிடித்தவர். இந்தக் கட்டுரை அவரை நினைவுகூரவே எழுதப்படுகிறது. வில்லியம் வாட் அடிசன் பிலிப்ஸ் என்பது முழுப் பெயர். தோட்டத்துரையாக இலங்கையில் வேலை பார்த்தவர். பல்கலைக்கழகப் பதவி எதையும் நம்பி இராமல், கொழுந்துக் கணக்குக்கும் ஸ்டோர் வேலைக்கும் நடுவே கிடைத்த பொழுதில் இந்நாட்டுப் பாலூட்டிகளை ஆராய்ந்தார். 1981இல் காலமானார். பதுளை பஸ் நிலையத்தில் நிற்கும் பத்துப் பேரைக் கேளுங்கள், ஒருவருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் உலகத்தின் உயிரியல் ஏடுகளில் நம்முடைய ஒஹிய மலைக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தவர் அவரே.

பதுளை ரயில் பாதையில் பட்டிப்பொலவைத் தாண்டி, சுரங்கங்களுக்கு நடுவே வருகிறதல்லவா ஒஹிய? நிலையத்துக்கு மேலே ஹோட்டன் சமவெளியின் காடு, கீழே தேயிலை. அங்கே 6,000 அடி உயரத்தில் உள்ள மேற்கு ஹப்புத்தளைத் தோட்டத்திலிருந்து கிடைத்த ஓர் எலியைப் பிலிப்ஸ் 1929இல் புதிய இனம் என்று அறிவித்தார். ஊரின் பெயரையே அதற்குச் சூட்டினார்: ராட்டஸ் ஒஹியென்சிஸ். வீட்டுக்குள் வந்து அரிசிச் சாக்கைக் கடிக்கிற எலி அல்ல இது. ஈரமான மலைக்காட்டை விட்டு வெளியேறாதது. முதுகு கருஞ்சாம்பல், வயிறு வெள்ளை. உடலைவிட நீளமான வால், அதிலும் மேற்புறம் கருமை, கீழ்ப்புறம் வெண்மை. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

ஓர் எலியைப் பிடிப்பதற்கும் ஓர் இனத்தை அறிவிப்பதற்கும் நடுவே எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பிராணி கிடைத்தவுடன் மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை ஓர் அளவு, வால் தனி, பின்னங்கால் பாதம் தனி, காது தனி என்று மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். ஆணா பெண்ணா, வயிற்றில் குட்டி இருந்ததா என்று பார்க்க வேண்டும். வயிற்றுப்பக்கம் சிறு கீறல் போட்டு, ரோமம் கெடாமல் தோலை உரித்து, பூச்சி அரிக்காதிருக்க நஞ்சு பூசி, பஞ்சு அடைத்துத் தைக்க வேண்டும். மண்டையோட்டைச் சதை போகச் சுத்தம் செய்து எண் போட்டு வைக்க வேண்டும், ஏனென்றால் பல்லைப் பார்க்காமல் எலி இனத்தை நிச்சயிக்க முடியாது. கடைசியாகக் காலில் ஒரு சீட்டு: இடம், உயரம், திகதி, பிடித்தவர் பெயர். இந்தச் சீட்டு அறுந்து போனால் அது வெறும் தோல். சீட்டு இருக்கும் வரை அது சாட்சி.

வேட்டைத் துரைமார் வீட்டுச் சுவரில் மாட்டிய மரைக் கொம்புக்கும் பிலிப்ஸ் பெட்டியில் அடுக்கிய தோலுக்கும் வேறுபாடு அந்தச் சீட்டுத்தான். கொம்பு சுட்டவருடைய கைத்திறனைச் சொல்கிறது. சீட்டுக் கட்டிய தோல் அந்த விலங்கைப் பற்றிச் சொல்கிறது.

1932இல் பிலிப்ஸ் ஒஹிய மலையிலிருந்து ஒரு காட்டு மூஞ்சூறையும் புதிய இனமாக விவரித்தார். இலைச் சருகுக்கடியில் புழு பூச்சி தின்று வாழும் அந்தச் சின்னஞ்சிறு உயிர் இன்று அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. அதே ஆண்டில் இன்னொரு மலை எலியையும் அவர் அறிமுகப்படுத்தினார். நெலு எலி என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைத் தந்த நெலுச் செடி பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூப்பது, நம் குறிஞ்சிக்கு உறவு.

ஒஹியப் பக்கத்துத் தோட்டத்துரைமாரில் இன்னொருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும், டியூட்டின் நோல்தீனியஸ். 1937இல் அவர் ஹோட்டன் சமவெளியில் ஒரு தேவாங்கைக் கண்டெடுத்தார். கொழும்பு மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் பேராசிரியர் ஓஸ்மன் ஹில் 1942இல் அதைத் தனி உபஇனம் என்று எழுதினார். பிறகு அது அற்றுப்போய்விட்டதோ என்று அஞ்சும் அளவுக்குக் கண்ணில் படாமல் இருந்து, 2010இல்தான் முதன்முதலாக அதன் படம் வெளியானது. அன்று ஒருவர் குறித்து வைத்திராவிட்டால், இருப்பதையும் இழந்ததையும் நம்மால் அறிந்திருக்க முடியாது.

பிலிப்ஸின் பெரிய வேலை 1935இல் வந்தது. இலங்கையின் பாலூட்டிகள் அனைத்துக்கும் ஒரு கையேடு. வௌவால் முதல் யானை வரை ஒவ்வொன்றுக்கும் தோற்றம், அளவு, வாழிடம், உணவு, பழக்கம் என்று வரிசையாக எழுதினார். திருத்திய இரண்டாம் பதிப்பின் முதற்பகுதி 1980இல் வந்தது. கடைசிப் பகுதி வந்த 1984இல் அவர் உயிரோடு இல்லை. எண்பது கடந்த பிறகும் பழைய குறிப்பைத் திருத்திக்கொண்டிருந்த மனிதர் என்று நினைக்கும்போது என் மனத்தில் மரியாதை பெருகுகிறது.

அந்தக் கையேட்டில் விலங்குகளுக்குச் சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் தரப்பட்டிருக்கின்றன. தமிழ்ப் பெயரை ஆங்கிலேயத் துரைக்கு ஒரு தமிழர்தானே சொல்லியிருக்க முடியும்? என் தாத்தா ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்துக்காரர். துரை வேட்டைக்குப் புறப்பட்டால் பெரட்டிலிருந்து இவரையும் இன்னும் சிலரையும் கூப்பிட்டுக்கொள்வாராம். நாயைப் பிடித்துக்கொண்டு முன்னே போவது, புதரைத் தட்டிப் பன்றியைக் கிளப்புவது, சுட்டதைத் தோளில் தூக்கி வருவது எல்லாம் இவர்கள் வேலை. “மரை எந்தக் கான் வழியா இறங்கும்னு எங்களுக்குத்தான்டா தெரியும், தொரைக்கு என்னா தெரியும்” என்பார் தாத்தா. அவருடைய பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. அவரைப் போன்ற ஆயிரம் பேரின் பெயர்களும் இல்லை. பிலிப்ஸை நினைவுகூரும்போது அவர்களையும் சேர்த்தே நான் நினைக்கிறேன். காட்டு அறிவில் லயத்துக்குப் பங்கு உண்டு.

நம்மவர்களும் வேட்டையாடினார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. கோப்பிக் காலத்தில் எலிகள் காட்டிலிருந்து திரண்டு வந்து கோப்பிச் செடியின் மொட்டையும் பூவையும் தின்று அழித்ததையும், ஒரே தோட்டத்தில் ஒரு நாளில் ஆயிரம் எலி வரை கொன்றதையும், தமிழ்த் தொழிலாளர் அவற்றைப் பொரித்தும் கறிவைத்தும் உண்டதையும் டெனன்ட் எழுதியிருக்கிறார். அளந்து கொடுத்த அரிசியோடு மலையேறி உழைத்த உடம்புக்கு அது இறைச்சி. பசிக்காகக் கொன்றவனையும் பதக்கத்துக்காகக் கொன்றவனையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வராது.

வேட்டைக்காரர்கள் காவலர்களாக மாறியதும் இந்த மண்ணின் வரலாறுதான். 1894இல் தொடங்கிய வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் முன்னின்றவர்கள் பெரும்பாலும் வேட்டைத் துரைமார். விலங்கு தீர்ந்துகொண்டிருப்பதை முதலில் கண்டவர்களும் அவர்களே. 1900இல் தியத்தலாவையில் அமைந்த முகாமுக்குத் தென்னாபிரிக்காவிலிருந்து சுமார் 5,000 போவர் போர்க்கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஏங்கல்பிரெக்ட் என்பவர் பிரித்தானிய முடிக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப முடியவில்லை. அவரே 1908இல் யாலக் காட்டின் முதற் காவலரானார். 1922இல் இந்த நாட்டு மண்ணிலேயே மறைந்தார். 1938இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, யால தேசியப் பூங்காவாயிற்று. அந்தப் பூங்காவின் ஒரு பகுதி நம் ஊவாவுக்குள் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கென்றாலும் கொல்வது கொலைதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. இன்று தானியங்கிக் கமராவும் ஒரு ரோமத்திலிருந்து எடுக்கும் மரபணுவும் பல வேளைகளில் துப்பாக்கியின் வேலையைச் செய்துவிடுகின்றன. ஆனால் அன்று சேர்த்த தோலும் மண்டையோடும் இன்னும் பயன் தருகின்றன. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்வாளர் கய் மஸர் ஒஹிய எலியின் பல்லையும் எலும்பையும் மற்ற எலிகளோடு ஒப்பிட்டு, இது எந்தக் கூட்டத்திலும் சேராதது என்று கண்டார். அதற்கென்றே ஒரு தனிப் பேரினத்தை ஏற்படுத்தி ஸ்ரீலங்காமிஸ் என்று பெயரிட்டார். அந்தப் பேரினத்தில் இந்த ஓர் எலி மட்டுமே உண்டு. அது நடந்த ஆண்டும் 1981, பிலிப்ஸ் மறைந்த அதே ஆண்டு.

இன்றைய நிலையையும் பேசித்தான் ஆக வேண்டும். மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வருகிறதென்று நம் மக்கள் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். அதில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படி மாட்டிய அபூர்வமான கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் பிழைக்கவில்லை. பயிரைப் பன்றிக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிட என்று ஒரு குடும்பத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. வேலி போட உதவியும் நட்டத்துக்கு ஈடும் கிடைக்க வேண்டும். ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. சுருக்கில் செத்த விலங்கு எந்தக் குறிப்பிலும் ஏறுவதில்லை, இரவோடிரவாகப் புதைக்கப்படுகிறது. அந்த வகையில் நாம் ரோஜர்ஸின் காலத்தைவிடவும் பின்னுக்குப் போயிருக்கிறோம். அவருக்காவது எண்ணிக்கை இருந்தது.

அதனால் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்புக்கு ஒரு கொப்பி ஒதுக்குங்கள். தேயிலை மலையில் சிறுத்தையின் கால்தடம் கண்ட பிள்ளை, கொழுந்தெடுக்கும் போது புதரில் மூஞ்சூறு ஓடக் கண்ட அம்மா, கானில் மரை இறங்கக் கண்ட தாத்தா, எல்லாரும் சொல்வதை எழுதுங்கள். திகதி, இடம், மலையின் இலக்கம், கண்டவரின் பெயர், நான்கும் இருந்தால் போதும். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கிற நம் பிள்ளைகள் அந்தக் கொப்பிகளைச் சேர்த்து வாசிக்கட்டும். பிலிப்ஸ் என்ற தோட்டத்துரை ஓய்வு நேரத்தில் செய்த வேலையைத் தொடர்வதற்குத் துப்பாக்கியும் வேண்டாம், துரைப் பதவியும் வேண்டாம். இந்த முறை, கண்டவரின் பெயர் விடுபடாமல் எழுதப்பட வேண்டும்.