ஈரக் கரண்டி ஏன் கூடாது?

பங்குனி பிறந்துவிட்டால் சந்தையில் மாவடு வரத் தொடங்கும். காம்பு உதிராத காயாகப் பார்த்து வாங்கி, கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துவார்கள். மேலே கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கடுகுப்பொடி எல்லாம் சேர்த்து ஜாடியில் நிரப்பி, துணியால் வேடு கட்டி வைப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. ஆனாலும் தினமும் குலுக்கிவிட்டு வந்தால் மூன்று நான்கு நாளில் ஜாடியில் நீர் ஊறியிருக்கும். கொழுகொழுவென்று இருந்த வடு தோல் சுருங்கி அந்த நீருக்குள் அமிழ்ந்து கிடக்கும்.

யாரும் ஊற்றாத அந்த நீர் வடுவுக்குள் இருந்து வந்தது. காய்க்கு வெளியே உப்பின் செறிவு அதிகம். அதனால் காயின் செல்களில் இருக்கும் நீர் சவ்வைக் கடந்து உப்பை நோக்கி வெளியேறுகிறது. பள்ளிப் பாடத்தில் ‘சவ்வூடு பரவல்’ என்று படித்தது இதைத்தான். காயின் செல்லுக்கு நேர்வதே அதைக் கெடுக்க வரும் பாக்டீரியாவுக்கும் நேர்கிறது. நீரை இழந்த பாக்டீரியாவால் பெருக முடியாது.

உணவு விஞ்ஞானிகள் இதை ‘நீர்ச் செயல்பாடு’ என்ற எண்ணால் குறிக்கிறார்கள். ஒரு பண்டத்தில் இருக்கும் மொத்தத் தண்ணீரில் நுண்ணுயிரின் பயன்பாட்டுக்குக் கிடைப்பது எவ்வளவு என்பதை இந்த எண் சொல்கிறது. தூய நீருக்கு இது 1. அது 0.91-க்குக் கீழே இறங்கினால் உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பெருகுவதில்லை. பூஞ்சைகளுக்குப் பிடிவாதம் அதிகம். பல வகைகள் 0.80 வரை தாக்குப்பிடிக்கும். 0.60-க்குக் கீழே எதுவும் வளராது. இனி கரையாது என்னும் அளவுக்கு, 100 மில்லி நீரில் சுமார் 36 கிராம் உப்பைக் கரைத்தால் இந்த எண் 0.75 ஆகிறது.

அவ்வளவு உப்பு போட்ட வடுவை வாயில் வைக்க முடியாது. உப்பையே முதன்மைக் காப்பாகக் கொண்ட ஊறுகாய்களில் குறைந்தது 12 விழுக்காடு உப்பு இருக்க வேண்டும் என்கின்றன இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள். அந்த அளவில் நீர்ச் செயல்பாடு ஏறத்தாழ 0.92. அதாவது உப்பு மட்டும் ஜாடியைக் காத்துவிடாது. ஆனால் ஊறுகாய் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே, எப்படி?

இதற்கான விளக்கத்தை 1970களில் தெளிவாகச் சொன்னவர், இறைச்சிப் பொருள்களை ஆராய்ந்த ஜெர்மானிய விஞ்ஞானி லோதர் லைஸ்ட்னர். நுண்ணுயிரை அவர் தடை தாண்டும் ஓட்டக்காரனுக்கு ஒப்பிட்டார். ஒரே ஒரு தடையை உயரமாக வைத்தால் உணவின் சுவை போய்விடும். சிறுசிறு தடைகள் பலவற்றை வரிசையாக வைத்தால், முதல் இரண்டைத் தாண்டிய நுண்ணுயிர் மூன்றாவதில் களைத்து விழும். மாவடு ஜாடி இந்தக் கருத்துக்கு நல்ல உதாரணம்.

அங்கே இரண்டாவது தடை புளிப்பு. பிஞ்சு மாங்காயில் சிட்ரிக் அமிலம் நிறைய உண்டு. மற்ற ஊறுகாய்களில் இந்த வேலையைச் செய்யும் எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2 முதல் 2.6 வரை. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். பிஎச் 4.6-க்குக் கீழே இருந்தால், உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா வளராது. உப்பு 5 முதல் 8 விழுக்காடு வரை உள்ள நீரில் காய்கறிகளை ஊறவைத்தால் புளிப்பு தானாகவே உருவாகும். அந்த உப்பைத் தாங்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி, காயின் சர்க்கரையை அமிலமாக்கி, மற்றவற்றை விரட்டிவிடும். இட்லி மாவைப் பொங்கவைக்கும் லூகோனோஸ்டாக் பாக்டீரியாவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

மூன்றாவது தடை கடுகு. முழுக் கடுகை வாயில் போட்டால் காரம் தெரியாது. அதில் சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கடுகு உடைந்து ஈரம் பட்டதும் இரண்டும் கலந்து, அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற காட்டமான பொருள் பிறக்கிறது. மூக்கில் ஏறும் அந்த நெடி பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் ஆகாது. இந்த வேதிவினையை 1840-இல் விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் புசி. கொதிக்கும் எண்ணெயில் கடுகைப் பொரித்தால் நொதி அழிந்துவிடும். வாசனை வரும், நெடி வராது. தாளிப்புக் கடுகு சாதுவாக இருப்பதற்கும், மாவடுவுக்குக் கடுகை வறுக்காமல் பொடிப்பதற்கும் காரணம் இதுதான்.

நான்காவது தடை, மற்ற ஊறுகாய்களில் ஊற்றும் எண்ணெய். ஊறுகாயின் மேல் ஒரு விரற்கடை நிற்கும் நல்லெண்ணெய் காற்றைத் தடுக்கிறது. காற்றில்லாமல் பூஞ்சை வளராது. நல்லெண்ணெயில் உள்ள செசமால் போன்ற பொருள்கள் எண்ணெய் எளிதில் சிக்குவாடை அடிக்காமலும் பார்த்துக்கொள்கின்றன.

ஆனால் எண்ணெயை நம்பி மற்ற தடைகளை எடுத்துவிடக் கூடாது. கனடாவின் வான்கூவர் நகரில் 1985-இல் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் பாட்டுலிசம் என்ற நரம்பு நச்சு நோய்க்கு ஆளானார்கள். காரணம், எண்ணெயில் ஊறிய நறுக்கிய பூண்டு. அதில் அமிலம் சேர்க்கப்படவில்லை, குளிர்பெட்டியிலும் வைக்கப்படவில்லை. மண்ணுக்குள் விளையும் பூண்டில் கிளாஸ்ட்ரிடியத்தின் வித்துகள் ஒட்டியிருக்கும். கொதிக்கும் தண்ணீரிலும் அவை சாவதில்லை. அந்த பாக்டீரியாவுக்குக் காற்று ஆகாது. பூஞ்சையைத் தடுக்கும் எண்ணெய் இதற்கு நல்ல மறைவிடமாக அமைந்துவிட்டது. பூண்டு ஊறுகாயில் புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் தாராளமாகச் சேர்வது வெறும் சுவைக்காக என்று நினைத்துக் குறைத்துவிடுவது ஆபத்து.

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வரலாம். “ஈரக் கரண்டியைப் போடாதே” என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. கரண்டியிலிருந்து சொட்டும் நீர் உடனே ஜாடி முழுக்கக் கலந்துவிடுவதில்லை. மேற்பரப்பில், சொட்டு விழுந்த இடத்தில், உப்பும் புளிப்பும் நீர்த்துப்போகின்றன. ஒரு காசு அகலத்துக்கு எல்லாத் தடையும் தாழ்ந்துவிடுகிறது. காற்றில் மிதந்து வரும் பூஞ்சை வித்துக்கு அந்த இடம் போதும். பூஞ்சை பூத்த ஊறுகாயில் மேலாக வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடுவதும் தவறு. சில பூஞ்சைகள் அமிலத்தையே உணவாக்கிக்கொள்ளும். அப்போது புளிப்பு குறைந்து, அதுவரை அடங்கியிருந்த பாக்டீரியாவுக்கும் வழி திறக்கும்.

ஜாடி விஷயத்திலும் பழக்கத்துக்குப் பின்னால் வேதியியல் உண்டு. உப்பும் அமிலமும் சேர்ந்தால் பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றையும் அரிக்கும். எவர்சில்வரில்கூட நாளடைவில் பொட்டுப்பொட்டாகக் குழி விழும். பீங்கானையும் கண்ணாடியையும் ஒன்றும் செய்யாது. அலங்காரத்துக்காக விற்கப்படும் வண்ணப் பீங்கானை மட்டும் தவிர்க்க வேண்டும். சில மெருகுப் பூச்சுகளில் ஈயம் இருக்கும். புளிப்பு அதைக் கரைத்து ஊறுகாயில் சேர்த்துவிடும்.

இத்தனை தடைகளும் இல்லாத தொட்டுக்கொள்ளும் பண்டம் எப்படி இருக்கும் என்பதற்கு மயோனைஸ் சான்று. முட்டையின் மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின், எண்ணெயைச் சிறு துளிகளாக்கி நீரோடு இணைத்துப் பிடித்துவைக்கிறது. பார்க்க அழகான வேதியியல்தான். ஆனால் முட்டை பச்சை, உப்பு கொஞ்சம், புளிப்பும் பல சமயம் பெயரளவுக்கு. சால்மோனெல்லா பாக்டீரியா பெருக அது போதும். தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை விதித்தது இந்தக் காரணத்தால்தான். வீட்டில் செய்வோரும் இதை மனதில் கொள்ள வேண்டும்.

உப்பைக் குறைக்கச் சொல்லும் மருத்துவருக்கு என்ன பதில்? பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு சேர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 12 விழுக்காடு உப்புள்ள ஊறுகாய் 10 கிராம் சாப்பிட்டால் 1.2 கிராம் உப்பு உள்ளே போகிறது; ஒரு நாள் அளவில் அது ஏறக்குறைய கால் பங்கு. ஆகவே குறைக்க வேண்டியது தட்டில் வைக்கும் அளவை. ஜாடியில் போடும் உப்பைக் குறைத்தால், அதைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பழைய கைப்பக்குவங்கள் படியிலும் ஆழாக்கிலும் கைப்பிடியிலும் சொல்லப்பட்டவை. கல் உப்பின் பரல்களுக்கு நடுவே காற்று நிற்கும். தூள் உப்பு நெருங்கிப் படியும். அதனால் ஒரே ஆழாக்கில் இரண்டும் ஒரே எடை இருப்பதில்லை. எடைக்கணக்கில் பிசகே இல்லை: ஒரு கிலோ வடுவுக்கு 140 கிராம் உப்பு போட்டால், வடுவும் உப்பும் சேர்ந்த எடையில் 12 விழுக்காட்டைத் தாண்டிவிடும். இந்த வருஷம் வீட்டில் மாவடு போடும்போது, பெரியவர்கள் அள்ளிப் போடும் கைப்பிடி உப்பை ஒருமுறை தராசில் நிறுத்து, அந்த எண்ணை எழுதி வையுங்கள்.